ஆஃபர் லெட்டரில் வரும் டெலவேர் எந்த டெலவேர்?

கேள்வி கேட்டவர் தன் ஆஃபர் லெட்டரில் கம்பெனியின் பெயரை ஒட்டி 'ஒரு டெலவேர் கார்ப்பரேஷன்' என்று இருப்பதைப் பார்த்திருக்கிறார். அலுவலகம் சென்னையில், மேலாளர்கள் கலிஃபோர்னியாவில், டெலவேரில் யாருமே இல்லை. பெயரைத் தேடினால் ஆறு, பழங்குடி, ஓஹையோவில் ஓர் ஊர், ஜப்பானில் ஒரு திராட்சை என்று ஏதேதோ வருகிறது. "இந்தப் பெயருக்கு என்னதான் பொருள், எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பெயர் எங்கிருந்து வந்து எதையெல்லாம் குறிக்கிறது என்பது ஒன்று. தன் காகிதத்தில் அது இருப்பதால் தனக்கு ஏதும் சிக்கல் உண்டா என்பது இன்னொன்று. கேட்டவரின் மனதில் இருப்பது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் முதலாவதைத் தெளிவாக்கிவிட்டால் தேடலில் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

கனெக்டிகட், மாசசூசெட்ஸ் போன்ற பெயர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளின் மொழிகளிலிருந்து வந்தவை. அதே வரிசையில் வைத்து டெலவேரையும் பழங்குடிச் சொல் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. டெலவேர் ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் பட்டப்பெயர். வர்ஜீனியா குடியேற்றத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்ட தாமஸ் வெஸ்ட், 'டி லா வார்' என்ற பட்டத்தின் 3-ஆவது பிரபு. 1610 கோடையில் அவர் ஜேம்ஸ்டவுனுக்கு வந்து சேர்ந்தபோது, பட்டினியில் செத்துப் பிழைத்த குடியேறிகள் ஊரையே கைவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திருப்பி அழைத்து வந்து குடியேற்றத்தைத் தக்கவைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், உணவு தேடிப் போன கப்பல் தலைவர் சாமுவேல் ஆர்கல் வழிமாறி வடக்கே ஒரு பெரிய விரிகுடாவுக்குள் நுழைந்தார். அதன் முனைக்குத் தன் ஆளுநரின் பட்டத்தைச் சூட்டினார். முனையின் பெயர் விரிகுடாவுக்குப் போனது, விரிகுடாவின் பெயர் அதில் கலக்கும் ஆற்றுக்குப் போனது. டி லா வார் பிரபு அந்த விரிகுடாவைப் பார்த்ததற்கு ஆதாரம் கிடையாது. 1611-இல் இங்கிலாந்து திரும்பியவர், 1618-இல் மீண்டும் வர்ஜீனியாவுக்குக் கிளம்பி நடுவழியிலேயே இறந்துபோனார்.

இதுவரை சொன்னதில் ஐயமில்லை. அதற்கும் பின்னால் போய், 'டி லா வார்' என்பதற்கே என்ன பொருள் என்று கேட்டால் தரை வழுக்குகிறது. பழைய பிரெஞ்சில் போரைக் குறிக்கும் சொல்லோடு இணைத்து 'போருடையவர்' என்று விளக்குபவர்கள் உண்டு. அது ஓர் இடப்பெயராக இருந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. குளோஸ்டர்ஷயரில் விக்வார் என்ற ஊரின் பின்பாதி இந்தக் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது என்பது மட்டும் உறுதி. ஆகவே "டெலவேர் என்றால் போர்" என்று யாராவது அடித்துச் சொன்னால், ஓர் ஊகத்தை உண்மைபோலச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பட்டம் இன்றும் இங்கிலாந்தில் இருக்கிறது. எழுத்தில் மூன்று சொற்களாகப் பிரிந்திருந்தாலும், உச்சரிக்கும்போது மாநிலத்தின் பெயரும் இதுவும் ஒன்றுதான். தென்கிழக்குக் கடலோரத்தில் பெக்ஸ்ஹில் ஊரில் 1935-இல் திறந்த டி லா வார் பெவிலியன் என்ற கலைக்கூடம், இதே வழியில் வந்த 9-ஆவது ஏர்லின் பெயரைத் தாங்கியது.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பும் அந்த ஆற்றுக்குப் பெயர் இருந்தது. கரையோரம் வாழ்ந்த லெனாபே மக்கள் தங்கள் மொழியில் அதை 'லெனாபேயரின் ஆறு' என்றார்கள். டச்சுக்காரர்கள் 'தெற்கு ஆறு' என்றார்கள். அவர்களுக்கு வடக்கு ஆறு இன்றைய ஹட்சன். 1664-இல் ஆங்கிலேயர் அந்தப் பகுதியைக் கைப்பற்றியபின் ஆர்கல் வைத்த பெயரே நிலைத்தது. கேட்ஸ்கில் மலைகளில் பிறக்கும் இரண்டு கிளைகள் நியூயார்க் மாநிலத்தின் ஹான்காக் ஊரில் சேர்கின்றன. அங்கிருந்து விரிகுடாவின் வாய் வரை சுமார் 530 கிலோமீட்டர். மிசிசிப்பிக்குக் கிழக்கே, குறுக்கே அணையே கட்டப்படாமல் ஓடும் ஆறுகளில் இதுதான் மிக நீளமானது. இதில் டெலவேர் மாநிலத்தைத் தொடுவது கடைசியில் ஒரு சிறு பகுதி மட்டும்தான். மற்றதெல்லாம் நியூயார்க், பென்சில்வேனியா, நியூஜெர்சி. அதனால் வரலாற்றில் 'டெலவேரைக் கடந்தார்' என்று வந்தால் அது ஆறு, மாநிலம் அல்ல. 1776 டிசம்பர் 25 இரவு ஜார்ஜ் வாஷிங்டன் பனிக்கட்டி மிதக்கும் ஆற்றைக் கடந்தது பென்சில்வேனியாக் கரையிலிருந்து நியூஜெர்சிக் கரைக்கு. டெலவேர் மாநிலத்தின் எல்லை அங்கிருந்து வெகு தெற்கே. நியூயார்க் நகரத்துக்கு ஏறத்தாழ பாதிக் குடிநீரைக் கொண்டுவரும் 137 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் கால்வாயின் பெயரும் டெலவேர் அக்வடக்ட்தான். அதுவும் முழுக்க நியூயார்க் மாநிலத்துக்குள் இருக்கிறது. பென்சில்வேனியாவில் ஒரு கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), நியூயார்க்கில் ஒரு கவுன்டி, மலையைப் பிளந்து ஆறு வெளியேறும் டெலவேர் வாட்டர் கேப் எல்லாமே ஆற்றுவழிப் பெயர்கள்.

மாநிலம் பெயரைப் பெற்றது இன்னும் பின்னால். 1682-இல் இந்த நிலம் வில்லியம் பென்னின் கைக்கு வந்தது. பென்சில்வேனியாவின் பகுதியாகவும் இல்லாமல், முழுத் தனிக் குடியேற்றமாகவும் இல்லாமல் 'டெலவேர் ஆற்றின் கீழ் மூன்று கவுன்டிகள்' என்றே வெகுகாலம் அழைக்கப்பட்டது. நியூகாசில், கென்ட், சசெக்ஸ் என்ற அந்த மூன்றுதான் இன்றும் இருக்கின்றன. 1704 முதல் தனிச் சட்டமன்றம் கூடியது. 1776 ஜூன் 15 அன்று பிரிட்டனிடமிருந்தும் பென்சில்வேனியாவிடமிருந்தும் ஒருசேரப் பிரிந்தது. அந்த ஆண்டின் அரசியல் சாசனத்தில் 'டெலவேர் ஸ்டேட்' என்று எழுதிக்கொண்டார்கள். 1792 சாசனத்தில் அது 'ஸ்டேட் ஆஃப் டெலவேர்' ஆனது. இன்று சட்ட ஆவணங்களில் வரும் முறையான வடிவம் இதுதான். 1787 டிசம்பர் 7 அன்று அமெரிக்க அரசியல் சாசனத்தை முதலில் ஏற்றது இந்த மாநிலம் என்பதால் 'முதல் மாநிலம்' என்ற அடைபெயரும் உண்டு. வாகன எண் பலகையில் அதைத்தான் பார்ப்பீர்கள்.

ஆற்றுக்கும் மாநிலத்துக்கும் நடுவே ஒரு விசித்திரமான எல்லை இருக்கிறது. நியூகாசில் பழைய நீதிமன்றத்தின் குவிமாடத்தை மையமாக வைத்து 12 மைல் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதன் வில்லைத்தான் பென்சில்வேனியாவுடனான எல்லையாக வைத்திருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் ஆறு நடுவில் பிரிக்கப்படவில்லை. நியூஜெர்சிக் கரையின் தாழ்நீர்க் கோடு வரை முழு ஆறும் டெலவேர் மாநிலத்துக்குச் சொந்தம். இதற்காக இரண்டு மாநிலங்களும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. 1934-இல் ஒரு தீர்ப்பு வந்தது. நியூஜெர்சிக் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும்படி திட்டமிட்ட ஓர் எரிவாயு இறங்குதளம் தொடர்பாக 2008-இலும் ஒரு தீர்ப்பு வந்தது. இரண்டிலும் டெலவேரின் பக்கமே நியாயம் நின்றது. ஆற்றைத் தூர்வாரிக் கொட்டிய மண் நியூஜெர்சிக் கரையோடு சேர்ந்துவிட்டதால், ஆற்றைக் கடக்காமலேயே நியூஜெர்சியிலிருந்து டெலவேர் மாநிலத்துக்குள் நடந்து போகக்கூடிய துண்டு நிலங்களும் உண்டு.

இப்போது மக்களுக்கு வருகிறேன். இந்தப் பெயரின் கதையில் கவனமாகப் பேசவேண்டிய இடம் இதுதான். லெனாபே மக்களை ஆங்கிலேயர்கள் ஆற்றின் பெயரால் 'டெலவேர்கள்' என்று அழைத்தார்கள். பெயர் அந்த மக்களிடமிருந்து ஆற்றுக்குப் போகவில்லை, ஆற்றிலிருந்துதான் அவர்கள்மேல் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் அமெரிக்கா ஒரு பூர்வகுடி தேசத்தோடு எழுத்தில் செய்த முதல் ஒப்பந்தமே இவர்களோடுதான். 1778 செப்டம்பர் 17, பிட் கோட்டை. அதன் 6-ஆவது பிரிவு, டெலவேர் தேசத்தைத் தலைமையாகக் கொண்டு பூர்வகுடிகளுக்கென ஒரு மாநிலம் அமையலாம், அதற்குக் காங்கிரஸில் பிரதிநிதித்துவம் தரலாம் என்கிறது. அது நடக்கவே இல்லை. மாறாக, பென்சில்வேனியாவிலிருந்து ஓஹையோ, அங்கிருந்து இன்டியானா, மிசூரி, கான்சாஸ் என்று ஒவ்வொரு இடமாகத் துரத்தப்பட்டு, அவர்களில் பெரும் பகுதியினர் கடைசியில் ஒக்லஹோமாவில் நிறுத்தப்பட்டார்கள். கூட்டாட்சி அரசு அங்கீகரித்த டெலவேர் நேஷன் அங்கே அனடார்க்கோவிலும், டெலவேர் ட்ரைப் ஆஃப் இந்தியன்ஸ் பார்ட்லஸ்வில்லிலும் தலைமையகம் கொண்டவை. கனடாவின் ஒன்டாரியோவிலும் டெலவேர் என்ற பெயரைத் தாங்கிய பூர்வகுடிச் சமூகங்கள் இருக்கின்றன. மாநிலத்திலேயே தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் செஸ்வோல்டு பகுதியில் லெனாபே என்ற தங்கள் சொந்தப் பெயரில் மாநில அங்கீகாரம் பெற்று வாழ்கிறார்கள். எழுதும்போது என்ன சொல்வது என்று கேட்டால், மக்களைப் பொதுவாக 'லெனாபே' என்பதே மரியாதை. சட்டப்படி 'டெலவேர்' என்று பதிந்துகொண்ட குறிப்பிட்ட அமைப்பைப் பேசும்போது அதன் பெயரை அப்படியே எழுதவேண்டும்.

துரத்தப்பட்டவர்கள் தங்கிய இடங்களிலெல்லாம் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓஹையோவின் டெலவேர் நகரம் இந்த மக்களின் பெயரால் வந்தது, மாநிலத்தின் பெயரால் அல்ல. இன்டியானாவின் டெலவேர் கவுன்டியும் அப்படித்தான். அதன் தலைநகர் மன்ஸி, லெனாபேயரின் ஒரு பிரிவான மன்ஸீயின் பெயர். எனவே அமெரிக்காவின் கிழக்கோரத்தில் டெலவேர் என்று வந்தால் முதலில் ஆற்றை நினையுங்கள். அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே வந்தால் முதலில் அந்த மக்களை நினையுங்கள். எல்லா ஊருக்கும் இது பொருந்திவிடாது, ஆனால் பெரும்பாலும் சரியாக வரும்.

திராட்சை இந்த இரண்டாவது வழியில் வந்தது. அதன் கொடி முதலில் வளர்ந்தது நியூஜெர்சியில், டெலவேர் ஆற்றங்கரையிலேயே உள்ள ஃபிரெஞ்ச்டவுனில். ஆனால் பெயர் வந்தது ஆற்றிலிருந்து அல்ல. ஓஹையோவின் டெலவேர் நகரத்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒருவர் அதைப் பிரபலமாக்கியதால் அந்த ஊரின் பெயர் ஒட்டியது. இன்று அமெரிக்காவைவிட ஜப்பானில்தான் அது வீட்டுக்கு வீடு தெரிந்த பழம். 'டெரா' என்று சுருக்கிச் சொல்வார்கள், யமகாத்தா பகுதியில் அதிகம் விளைகிறது. விரல் நுனி அளவு சிவந்த பழம், கடையில் வாங்கினால் விதை இருக்காது. இயல்பில் அது விதையுள்ள வகை. பூ முழுதாக மலர்வதற்குச் சுமார் 14 நாள் முன்பு ஒவ்வொரு கொத்தையும் ஜிப்ரெலின் என்ற தாவர வளர்ச்சி ஹார்மோனின் கரைசலில், பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவில், ஒரு குவளையில் வைத்து முக்கி எடுப்பார்கள். விதை உருவாகாமல் போவதற்கு இது. மலர்ந்து சுமார் 10 நாள் கழித்து இன்னொரு முறை முக்குவது பழம் பருப்பதற்கு. முதல் முக்கலின் நாள் தப்பினால் கொத்தில் விதையுள்ள பழம் கலந்துவிடும், அதன் விலை போய்விடும். விதையில்லாத் திராட்சைக்கு இந்த முறையைத் தோட்ட அளவில் முதலில் நிலைநிறுத்தியதே இந்த வகையில்தான். டெலவேர் என்ற கோழி இனமோ நேரே மாநிலத்தின் பெயர். 1940-இல் சசெக்ஸ் கவுன்டியின் ஓஷன் வியூவில், பார்டு பிளைமவுத் ராக் சேவலையும் நியூ ஹாம்ப்ஷயர் பெட்டையையும் கலந்து உருவாக்கியது. மாநிலப் பறவையான நீலக் கோழி அதுவல்ல, வேறு.

பெயரின் சுருக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கத் தபால் துறையின் இரண்டெழுத்துக் குறியீடு டி.இ. அதே இரண்டெழுத்துதான் நாடுகளுக்கான உலகத் தரக் குறியீட்டுப் பட்டியலில் ஜெர்மனி நாட்டின் குறியீடும். ஜெர்மன் இணையதளங்கள் முடிவதும் அதில்தான். படிவத்தில் நாடு என்ற கட்டத்தில் தவறி இதைப் போட்டால் மென்பொருள் ஜெர்மனி என்றே எடுத்துக்கொள்ளும். முகவரி வந்தால் பின்கோடைப் பாருங்கள். 197, 198, 199 என்று தொடங்கினால் டெலவேர். இதைச் சொல்லக் காரணம், வில்மிங்டன் என்ற ஊர் வட கரோலினாவிலும் இருக்கிறது, நூவர்க் நியூஜெர்சியிலும் இருக்கிறது. டெலவேர் பல்கலைக்கழகம் இருப்பது, ஆங்கிலத்தில் அதே எழுத்துகளில் எழுதும் டெலவேர் மாநிலத்து நூ-ஆர்க்கில். உள்ளூர்க்காரர்கள் பின்பாதியை அழுத்தித்தான் சொல்வார்கள். டெலவேர் வேலி பல்கலைக்கழகம் பென்சில்வேனியாவில் இருக்கிறது, பெயர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து.

இனி ஆஃபர் லெட்டர். அதில் 'டெலவேர்' என்பது கம்பெனி இருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. கம்பெனி எந்தச் சட்டத்தின் கீழ் பிறந்தது என்பதைச் சொல்கிறது. அமெரிக்காவில் கம்பெனிப் பதிவு கூட்டாட்சி அரசின் வேலையல்ல, ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தின்படி செய்கிறது. ஒரே பெயரில் டெலவேரில் ஒன்றும் நெவாடாவில் ஒன்றும் இருக்கலாம், இரண்டும் வேறு வேறு. அதனால்தான் பெயரோடு மாநிலத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். அலுவலகமோ ஊழியரோ அங்கே தேவையில்லை. நீதிமன்ற அறிவிப்பை வாங்கிக்கொள்ள மாநிலத்துக்குள் ஒரு ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் இருந்தால் போதும். வில்மிங்டனில் 1209, நார்த் ஆரஞ்ச் தெரு என்ற ஒரே கட்டடத்தில் லட்சக்கணக்கான கம்பெனிகளின் முகவரி இருப்பது இதனால்தான். 2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 9,89,948. பதிவான நிறுவனங்கள் 20 லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளைத் தொகுக்கும் ஃபார்ச்சூன் 500 பட்டியலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இங்கே பதிவானவை. சென்னையில் தொடங்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலான ஃபிரெஷ்வொர்க்ஸ்கூட டெலவேர் கார்ப்பரேஷன்தான். எனவே அந்த ஒரு சொல்லைப் பார்த்து 'இது போலிக் கம்பெனியோ' என்று பயப்படத் தேவையில்லை. அதே சொல்லைப் பார்த்து 'பெரிய கம்பெனி' என்று நம்பிவிடவும் கூடாது. பதிவு செய்ய ஒரு நாள் போதும்.

ஏன் இந்தச் சிறு மாநிலம்? வரி என்பதுதான் பலரும் சொல்லும் விடை. அது பாதி உண்மைகூட இல்லை. டெலவேருக்கு வெளியே மட்டும் தொழில் செய்யும் கம்பெனி அந்த மாநிலத்தின் 8.7 சதவீத வருமான வரியைக் கட்டவேண்டியதில்லை. ஆனால் 21 சதவீதக் கூட்டாட்சி வரியும், உண்மையில் தொழில் நடக்கும் மாநிலத்தின் வரியும் அப்படியே இருக்கின்றன. முதன்மையான காரணம் நீதிமன்றம். 1792 சாசனம் உருவாக்கிய சான்சரி நீதிமன்றத்தில் ஜூரி கிடையாது. கம்பெனி வழக்குகளிலேயே ஊறிய நீதிபதிகள் விசாரித்து, காரணங்களை விரிவாக எழுதித் தீர்ப்பு சொல்கிறார்கள். 1899-இல் தாராளமான கம்பெனிச் சட்டம் வந்தது. அப்போது முன்னணியில் இருந்த நியூஜெர்சி 1913-இல் தன் சட்டத்தை இறுக்கியதும் கம்பெனிகள் ஆற்றைத் தாண்டி இங்கே வந்தன. அன்றிலிருந்து சேர்ந்த தீர்ப்புகளே பெரிய சொத்து. எந்தத் தகராறு எப்படி முடியும் என்று வழக்கறிஞர்களால் முன்கூட்டிச் சொல்ல முடிகிறது, முதலீட்டாளர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். ட்விட்டரை வாங்குவதாக ஒப்புக்கொண்டு எலான் மஸ்க் பின்வாங்கியபோது, சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த ட்விட்டர் 2022 ஜூலையில் வழக்குப் போட்டது டெலவேரில். அக்டோபரிலேயே விசாரணை என்று நீதிமன்றம் தேதி குறித்தது, அந்த மாதம் முடிவதற்குள் அவர் வாங்கிவிட்டார். எல்லோரும் இந்த நீதிமன்றத்தால் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் சொல்ல முடியாது. 2024 ஜூனில் டெஸ்லாவின் பங்குதாரர்கள் பதிவை டெக்சாஸுக்கு மாற்ற வாக்களித்தார்கள். அதன்பின் வேறு சிலவும் போயின. மொத்த எண்ணிக்கையில் அது இன்னும் சிறு பங்குதான்.

கம்பெனி தொடங்குபவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அதிகம் பேரைத் தூக்கிவாரிப் போடும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெலவேர் கார்ப்பரேஷன் ஒவ்வொன்றும் மார்ச் 1-க்குள் ஆண்டறிக்கை தந்து, அங்கே பதிவாக இருப்பதற்கான வரியான ஃபிரான்சைஸ் டாக்ஸையும் கட்டவேண்டும். லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது உண்டு. ஸ்டார்ட்அப்கள் வழக்கமாக 1 கோடி பங்குகளை அங்கீகரித்து, அதாவது அதிகபட்சம் அத்தனை வெளியிடலாம் என்று பதிந்து, தொடங்குகின்றன. மாநிலம் அனுப்பும் நோட்டீஸில் 85,165 டாலர் என்று வரும். கணக்கு இதுதான்: முதல் 10,000 பங்குக்கு 250 டாலர், அதற்கு மேல் ஒவ்வொரு 10,000-க்கும் 85 டாலர். மிச்சம் 999 பத்தாயிரங்கள், 84,915 டாலர். கூட்டினால் 85,165. வங்கியில் அவ்வளவு பணமே இல்லாத கம்பெனிக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் தூக்கம் போய்விடும். சட்டம் இன்னொரு கணக்கையும் அனுமதிக்கிறது. மொத்தச் சொத்து மதிப்பை வெளியிடப்பட்ட பங்குகளின் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். வருவதை அங்கீகரிக்கப்பட்ட பங்குகளால் பெருக்கி, அடுத்த பத்து லட்சத்துக்கு உயர்த்தி, பத்து லட்சத்துக்கு 400 டாலர் வீதம் போடவேண்டும். சொத்து 2,00,000 டாலர், வெளியிட்டது 80 லட்சம் பங்கு என்றால் ஒரு பங்குக்கு 0.025 டாலர். 1 கோடியால் பெருக்கினால் 2,50,000. உயர்த்தினால் பத்து லட்சம். வரி 400, அறிக்கைக் கட்டணம் 50, ஆக 450 டாலர். பங்கின் முகமதிப்பை இந்த 0.025-ஐ விடக் குறைவாக வைத்திருந்தால்தான் கணக்கு இப்படி எளிமையாக நிற்கும். அதனால்தான் 0.0001 டாலர், 0.00001 டாலர் என்று முகமதிப்பு வைக்கிறார்கள். தேதி தவறினால் 200 டாலர் அபராதம், மாதம் 1.5 சதவீத வட்டி. எல்.எல்.சி. என்ற வேறு வகை நிறுவனம் என்றால் இந்தக் கணக்கெல்லாம் இல்லை, ஜூன் 1-க்குள் 300 டாலர். இவை 2024 நிலவரம். மாநில அரசு அவ்வப்போது மாற்றும், கட்டுவதற்கு முன் அதன் கம்பெனிப் பதிவுத் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

எல்.எல்.சி.யில் வேறொரு பள்ளம் இருக்கிறது. இந்தியாவில் இருக்கும் ஒருவர் தனியாளாக டெலவேர் எல்.எல்.சி. வைத்திருந்தால், வருமானமே இல்லாவிட்டாலும் அமெரிக்க வரித்துறைக்கு 5472 என்ற படிவத்தை, மேலுறையாக ஒரு 1120 படிவத்தோடு அனுப்பவேண்டிவரும். அவர் உள்ளே போட்ட முதலீடே அறிவிக்கவேண்டிய பரிவர்த்தனைதான். விட்டால் அபராதம் 25,000 டாலர். பதிவு செய்து தரும் இணையதளங்கள் இதை எங்கோ பொடி எழுத்தில் போட்டிருக்கும். இந்தியாவிலிருந்து பணம் அனுப்பும் முன் 2022-ஆம் ஆண்டின் வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி வங்கி வழியாகப் படிவம் தரவேண்டியதும் உண்டு. இரண்டுக்கும் இரண்டு நாட்டுச் சட்டமும் தெரிந்த ஆடிட்டரிடம் போவதே சரி. இங்கே எழுதுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வேலைக்குச் சேர்பவருக்கு வருகிறேன். லெட்டரில் இரண்டு கம்பெனிகளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாகச் சம்பளம் தருவது சென்னையில் பதிவான பிரைவேட் லிமிடெட், ஸ்டாக் ஆப்ஷன், அதாவது குறித்த விலையில் பின்னாளில் பங்கு வாங்கும் உரிமை, தருவது டெலவேர் தாய்க் கம்பெனி. உங்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி, டி.டி.எஸ். எல்லாம் இந்தியச் சட்டத்தின் கீழ்தான். டெலவேர் என்ற சொல் அதைத் தொடாது. ஆப்ஷன் ஒப்பந்தத்துக்கு மட்டும் டெலவேர் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒப்பந்தத்தில் 'டெலவேர் சட்டம் பொருந்தும்' என்ற வரியும் 'வழக்கு டெலவேர் நீதிமன்றத்தில்தான்' என்ற வரியும் தனித்தனி. முதலாவது பெரும்பாலும் உங்களைப் பாதிக்காது. இரண்டாவது இருந்தால், தகராறு வந்தால் அமெரிக்காவில் வழக்கறிஞர் வைக்கவேண்டிவரும் என்று தெரிந்து கையெழுத்திடுங்கள். 10,000 ஆப்ஷன் என்ற எண்ணுக்குத் தனியே மதிப்பில்லை. ஆப்ஷன்களையும் சேர்த்து மொத்தப் பங்கு எத்தனை என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். 1 கோடி என்றால் உங்கள் பங்கு 0.1 சதவீதம், 10 கோடி என்றால் 0.01. ஆப்ஷனைப் பங்காக மாற்றும் நாளில், அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாக வரிக்கு வரும். பங்கை விற்றுக் காசு பார்க்காத நிலையிலேயே வரி கட்டவேண்டியிருப்பதுதான் பலரையும் சிக்கவைக்கிறது. அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் அந்தப் பங்கைக் காட்டவேண்டும். அந்த அட்டவணைக்கு ஏப்ரல்-மார்ச் கணக்கு இல்லை, ஜனவரி-டிசம்பர் கணக்கு. நாடு என்ற இடத்தில் அமெரிக்கா என்று போடுங்கள்.

கம்பெனி உண்மையிலேயே டெலவேரில் பதிவானதா என்று நீங்களே பார்க்கலாம். மாநிலத்தின் கம்பெனிப் பதிவுத் துறை இணையதளத்தில் பெயர் தேடும் பக்கம் இலவசம். லெட்டரில் உள்ள பெயரை அப்படியே, 'இன்க்', 'கார்ப்' என்ற வாலோடு ஒப்பிடுங்கள். ஒரு சொல் மாறினாலும் அது வேறு கம்பெனியாக இருக்கலாம். கோப்பு எண், பதிவான நாள், எந்த வகை நிறுவனம், ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் யார் என்பது வரும். இயக்குநர் பெயரோ உரிமையாளர் பெயரோ வராது. வராததை வைத்து எதையோ மறைக்கிறார்கள் என்று எண்ணவேண்டாம், எந்தக் கம்பெனிக்கும் அந்தப் பக்கத்தில் அது வராது. வரி கட்டி நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய 10 டாலர் கட்டணம். ஃபிரான்சைஸ் டாக்ஸைத் தொடர்ந்து கட்டாமல் விட்ட கம்பெனி அங்கே 'வாய்டு' (செல்லாதது) என்று இருக்கும். பழைய பாக்கியைக் கட்டி மீட்க முடியும். ஆனால் ஆப்ஷன் தருவதாகச் சொல்லும் கம்பெனி அந்த நிலையில் இருந்தால், காரணத்தைக் கேட்டுப் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.